அக்காவுக்குப் பொருந்துற உளவளத்துணை வன்னியில கிடைக்குமா? ஆரிட்ட, என்ன கேட்டுப் போறது?

முன்பள்ளி ரீச்சர் (கிளிநொச்சி):

வணக்கம். ஏ9 வீதியில இருந்து உள்ளுக்குப் போற ஒரு குடியேற்றக் கிராமத்தில இருக்கிறன். முன்பள்ளியில படிப்பிக்கிறன். கேள்வி என்ர அக்காவைப் பற்றினது. அவவிட்டக் கேட்டுத்தான் எழுதுறன். ஊரும் பேரும் போடாத எண்டு சொன்னவ.

அம்மாவும் அப்பாவும் 1977 கலவரத்தோட பதுளைப் பக்கத்துத் தோட்டமொண்டில இருந்து இஞ்ச வந்தவை. காடு வெட்டிக் கொட்டில் போட்டு, ஆற்றையோ வயலில கூலிக்கு நிண்டு எங்களை வளர்த்தவை. நானும் அக்காவும் இந்த மண்ணிலதான் பிறந்தனாங்கள். எண்டாலும் ஒரு சண்டை சச்சரவு வந்தால் இண்டைக்கும் நாங்கள் "தோட்டக்காட்டுச் சனம்". இருக்கிற காணிக்கு இன்னும் பெர்மிற் கையில இல்லை.

அக்கா இயக்கத்தில இருந்தவ. 2006இல முகமாலையில இடது கால் முழங்காலுக்குக் கீழ போட்டுது. அடுத்த வருசம் கலியாணம். அத்தான் 2009 மே 18 வட்டுவாகலில சரணடைஞ்சவர். பஸ்ஸில ஏத்தினதை அக்கா கண்ணால கண்டவ. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஓமந்தைச் சோதனைச் சாவடியில அக்காவைப் பிரிச்செடுத்துப் பம்பைமடுப் புனர்வாழ்வு முகாமுக்குக் கொண்டு போச்சினம். பிள்ளை செட்டிக்குளம் முகாமில என்ர மடியில வளர்ந்தது. இப்ப அவள் ஏ.எல். படிக்கிறாள். அக்கா வீட்டில தைக்கிறா, வலது காலால மிசின் மிதிச்சுத்தான்.

கொஞ்சக் காலமா அவவுக்கு நெஞ்சு இறுகுது. மூச்சு மேல மேல வாங்குது. இரவில எழும்பி இருந்து, இல்லாத காலின்ர பெருவிரல் நோகுது எண்டு அழுகிறா. இசிஜி எடுத்தாச்சு, ரத்தம் பார்த்தாச்சு. எல்லாம் சரியாம். "யோசினைதான் காரணம்" எண்டு சொல்லி உளவளத்துணைக்கு அனுப்பிச்சினம்.

போனா. போன இடத்தில பக்கத்து மேசையில இன்னொரு ஆள் இருந்து ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டு இருந்தவராம். முதல் கேள்வியே "நீங்கள் எந்த ஆக்கள், ஆதியில எந்த இடம்?" எண்டு. பிறகு "ஏன் இயக்கத்துக்குப் போனனீர்?" கடைசியா, "அவர் இனி வரமாட்டார், பிள்ளைக்காக நீர் ஒரு முடிவெடுக்க வேணும், பழசை மறவும்." அக்கா ஒண்டும் சொல்லேல்லை. ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்திட்டா. அடுத்த முறையும் அதே கதை. இப்ப கிளினிக் கொப்பியைத் தையல் மிசின் லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு, "இனிப் போகமாட்டன், செத்தாலும் இதுக்குள்ளயே சாகிறன்" எண்டுறா.

அவ சொன்ன ஒண்டு எனக்கு நித்திரையைக் கெடுத்தது. "அந்த ஆளுக்கு முன்னால நான் என்னவா இருக்கிறது? காலில்லாதவளாவோ, இயக்கக்காரியாவோ, புருசன் இல்லாதவளாவோ, தோட்டத்து ஆளாவோ? ஒண்டைச் சொன்னால் மற்றதை வைச்சு அடிக்கினம்."

இதெல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச இருக்கினமோ? போக முதல் நாங்கள் என்ன கேட்டுக்கொள்ளலாம்? இல்லாத காலில நோகிறது மன வருத்தமோ? அனுபவம் உள்ளவை தயவுசெய்து சொல்லுங்கோ.

---

சில்லுக்கதிரை (புதுக்குடியிருப்பு):

தங்கச்சி, எனக்கு முள்ளந்தண்டில காயம். இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. 2009இல இருந்து கதிரைதான். உளவளத்துணை எண்டு கன பேர் என்னட்டையும் வந்தவை. மூச்சை உள்ளுக்கு இழுங்கோ, வெளியில விடுங்கோ எண்டு சொல்லித் தந்தவை. இழுத்தன், விட்டன். கதிரை போகக்கூடிய கக்கூஸ் கட்டித் தாங்கோ எண்டு கேட்டால், அது எங்கட வேலை இல்லை எண்டவை.

எனக்கு மனம் கொஞ்சம் ஆறினது எப்ப எண்டால், ஒரு அமைப்பு அந்தக் கக்கூஸைக் கட்டித் தந்த பிறகு. அதுவரைக்கும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போவா. ஒரு வளர்ந்த ஆம்பிளைக்கு அதைவிடப் பெரிய மன வருத்தம் இல்லை. ஆனால் என்ர கொப்பியில "யுத்த அனுபவத்தால் ஏற்பட்ட பாதிப்பு" எண்டுதான் கிடந்தது.

அதாலதான் சொல்லுறன். அக்காவுக்கு முதல் பெர்மிற்றை எடுங்கோ. காலைச் சரியாப் போடுங்கோ. கதை பிறகு. எங்கட பேர் ஏற்கனவே எத்தினை பதிவில கிடக்கு, இன்னொரு பதிவும் வேணுமோ எண்டு யோசியுங்கோ.

---

பாலைமரம் (முல்லைத்தீவு):

தங்கச்சி, வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில உளவளத்துணையாளரா இருக்கிறன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிராமங்களில தொடங்கின வேலை. கொஞ்சம் நீட்டி எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

கால் நோவில இருந்து தொடங்குறன், ஏனெண்டால் அதுக்கு நேரடிப் பதில் இருக்கு. அது பிரமை இல்லை. கால் போனாலும் மூளையில அந்தக் காலுக்குரிய இடம் அப்பிடியே இருக்குது. வெட்டுப்பட்ட நரம்பும் சும்மா இருக்கிறதில்லை. கால் கை இழந்த ஆக்களில கூடுதலானவைக்கு ஒரு கட்டத்தில இந்த நோ வந்திருக்கும். வி. எஸ். ராமச்சந்திரன் எண்ட நரம்பியல் அறிஞர் 1990களில இதுக்கு ஒரு வழி கண்டவர். ரெண்டு காலுக்கும் நடுவில கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அசைச்சு, அதின்ர விம்பத்தைப் பார்க்க விடுறது. மூளைக்கு மற்றக் காலும் அசையிற மாதிரித் தெரியும். சிலருக்கு நோ குறையும், சிலருக்குக் குறையாது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்காரரிட்ட இதைக் கேட்கலாம். அமிற்ரிப்ரிலின் எண்ட குளிசையையும் குறைஞ்ச அளவில குடுக்கிறவை. அதே குளிசை மனச்சோர்வுக்கும் பாவிக்கிறது எண்டபடியால், எங்கட சனம் "எனக்கு விசர்க் குளிசை எழுதிப்போட்டினம்" எண்டு எறிஞ்சு போடுறது வழமை. அக்காவுக்கு அப்பிடி ஏதும் தந்தால் ஏன் தந்தவை எண்டு வைத்தியரிட்டயே கேளுங்கோ, தானா நிப்பாட்ட விடாதேங்கோ. பொய்க்காலையும் ஒருக்காப் பாருங்கோ. வருசம் போகப் போக தொடைக்குக் கீழ சதை வத்தும், பழைய குழிக்குள்ள கால் ஆடும், உரசும். யாழ்ப்பாணத்தில ஜெய்ப்பூர் நிலையத்தில திரும்ப அளவெடுத்துச் செய்யலாம்.

சில்லுக்கதிரைத் தம்பி, நீங்கள் சொன்னதில பெரும்பகுதி சரி. கக்கூஸ் உளவளத்துணையின்ர வேலை இல்லை எண்டு சொல்லுற ஆள் இந்த வேலைக்கே பொருத்தமில்லை. ஆனால் "கதை பிறகு" எண்டதை நான் ஏற்கமாட்டன். பெர்மிற் வர எவ்வளவு காலம் எண்டு ஆருக்குத் தெரியும்? அதுவரைக்கும் அக்கா இரவிரவா முழிச்சிருக்கிறதோ? ரெண்டும் ஒரே நேரத்தில நடக்க வேணும், ஒரே ஆள் ரெண்டையும் காதில வாங்க வேணும்.

தங்கச்சி, அக்கா கேட்ட "நான் என்னவா இருக்கிறது" எண்டதுதான் இந்த வேலையின்ர நடுப்புள்ளி. எங்கட ஆக்களுக்குத் தந்த பயிற்சியில ஒவ்வொரு பாதிப்புக்கும் ஒவ்வொரு அத்தியாயம். விதவைகள் எண்டு ஒண்டு, மாற்றுத்திறனாளிகள் எண்டு ஒண்டு, முன்னாள் போராளிகள் எண்டு ஒண்டு. சாதிக்கும் மலையகத்துக்கும் அத்தியாயமே கிடையாது. அக்கா மாதிரி ஒரு ஆள் வந்திருக்கேக்க உளவளத்துணையாளர் தனக்குத் தெரிஞ்ச பக்கத்தைத்தான் புரட்டுவார். ஆனால் அவவுக்கு இது நாலு வருத்தம் இல்லை, ஒண்டு. பொய்க்கால் போட்டுக்கொண்டு நடந்து வாற பொம்பிளையைச் சந்தியில நிக்கிறவன் "இயக்கம்" எண்டு பார்க்கிறான். புருசன் பக்கத்தில இல்லாததால பேச்சு வேற மாதிரிப் போகுது. தட்டிக் கேட்க வெளிக்கிட்டால் "இவையள் ஆர் கேட்க" எண்டு ஊர் சொல்லுது. இதில எந்த இழையைத் தனிய உருவி எடுக்கப் போறியள்?

பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல வன்னிச் சனத்தைப் பற்றி ஒரு ஆய்வு எழுதினவர். குடும்பம், அயல், ஊர், ஒருத்தரை ஒருத்தர் நம்பிறது எல்லாம் சேர்ந்து உடைஞ்ச இடத்தில தனி ஆளின்ர வருத்தத்தை மட்டும் பார்த்தால் காணாது, கூட்டாப் பட்ட காயத்தைக் கூட்டாத்தான் ஆத்த வேணும் எண்டது அதின்ர சாரம். என்ர வேலைக்கு அது பெரிய துணை. ஆனால் ஒண்டு சேர்த்துச் சொல்ல வேணும். எல்லாரும் ஒண்டாப் பட்டாலும் எல்லாரும் ஒரே மாதிரிப் படேல்லை. முகாமில தண்ணிக்கு வரிசையில நிக்கேக்கையும் ஆற்றை வாளியை ஆர் தொடலாம் எண்ட கதை இருந்தது. ஊரைக் கூட்டி வட்டமா இருத்தி "எல்லாரும் மனம் விட்டுக் கதையுங்கோ" எண்டால், அந்த வட்டத்திலயும் சிலர் பாயின்ர ஓரத்திலதான் இருப்பினம். உங்கட அக்கா அதில வாய் திறக்காட்டில் அது அவவின்ர வருத்தத்தின்ர அறிகுறி இல்லை, அவவின்ர அறிவு.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லுறன். ஆளை அடையாளம் தெரியாத மாதிரி மாத்தித்தான் சொல்லுறன். அவவின்ர வீட்டுக்கு நான் போறது கச்சான் பிடுங்கிற காலத்தில. திண்ணையில சாக்கை விரிச்சு ரெண்டு பேரும் இருந்து கச்சான் உடைப்பம். நேர முகம் பார்த்துக்கொண்டு இருந்தால் அவ ஒரு சொல்லும் கதையா. கை வேலையில இருக்கேக்கதான் வாய் வரும். கனகாலம் அவ கதைச்சது முழுக்க மகனைப் பள்ளிக்கூடத்தில ஒரு பிள்ளை சாதிப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைப் பற்றி. நான் அதையே கேட்டன், அதிபரைப் போய்க் காணவும் கூடப் போனன். பிறகொரு நாள், கச்சான் கோதைச் சுளகில கொழிச்சுக்கொண்டே, "மாத்தளனில மூத்தவனை மூடக்கூட மண் காணேல்லை" எண்டு ஒரே ஒரு வசனம் சொன்னா. நான் சுளகை வாங்கிக் கீழ வைச்சன். அவ்வளவுதான் அண்டைக்கு. அவவுக்கு முதல் ஆற வேண்டியிருந்தது இருக்கிற மகனின்ர மானம். அதை நான் கேட்டபடியால்தான் மற்றது வந்தது.

நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைச்சால்தான் மனம் ஆறும் எண்டு இன்னும் சிலர் நம்புகினம். ஒரே ஒரு தரம் இருத்தி எல்லாத்தையும் கொட்ட வைக்கிற முறை வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கு. நடந்ததைக் கோவையாச் சொல்லி ஆத்துற சிகிச்சை முறைகள் இருக்குத்தான். அதுக்குப் பயிற்சி உள்ள ஆள் வேணும், ஒட்டுக்கேட்க ஆள் இல்லாத இடம் வேணும், அக்காவின்ர முழுச் சம்மதம் வேணும். மூண்டில ஒண்டு குறைஞ்சாலும் தொடங்கக் கூடாது.

அத்தானைப் பற்றி. "இனி வரமாட்டார்" எண்டு சொல்ல எனக்கும் உரிமை இல்லை, எந்த உத்தியோகத்தருக்கும் இல்லை. போலின் பொஸ் எண்ட அமெரிக்க உளவியலாளர் இப்பிடியான இழப்பைப் பற்றிக் கனகாலம் வேலை செய்தவ. உடல் இல்லை, முடிவில்லை, ஆனால் ஆள் மனசில இருக்கிறார். இதில முடிவு கட்டச் சொல்லி நெருக்கினால் மனம் இன்னும் இறுகும் எண்டதுதான் அவ கண்டது. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலுக்கு முன்னால 2017 பெப்ரவரி 20இல காணாமல் ஆக்கப்பட்டவையின்ர தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கினதை நீங்கள் கண்டிருப்பியள். அதில இருந்த பல பேருக்கு அந்தக் கொட்டில் தெம்பைக் குடுத்தது. வேற சிலருக்கு அங்க போனால் இரவு நித்திரை வராது. அக்கா பொட்டு வைக்கலாம், வைக்காமல் விடலாம். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கலாம், சாத்திரம் கேட்கலாம், ஒண்டும் செய்யாமலும் இருக்கலாம். "வருவார்" எண்டு காலமையும் "வராட்டில்?" எண்டு பின்னேரமும் நினைக்கலாம். ரெண்டையும் ஒரு ஆள் ஒரே நாளில நினைக்கிறது விசர் இல்லை.

இனி, ஆளை எப்பிடித் தெரிஞ்செடுக்கிறது. படிச்ச சான்றிதழைப் பார்க்க முதல் வேற சிலதைப் பாருங்கோ. வீட்டுக்கு வந்தால், நீங்கள் குடுக்கிற தேத்தண்ணியைக் குடிக்கிறாவோ? குடுத்த கோப்பையை அப்பிடியே வைச்சிட்டுப் போற ஆளிட்ட மனத்தைத் திறக்க ஏலாது, அவ எவ்வளவு படிச்சிருந்தாலும். என்ன எழுதுறியள், அதை ஆர் வாசிப்பினம் எண்டு அக்கா கேட்டால் முகம் சுழிக்கிறாவோ, கொப்பியைத் திருப்பிக் காட்டுறாவோ? வாசலில பெயர் எழுதின வாகனத்தைக் கொண்டுவந்து நிப்பாட்டினால் பின்னேரத்துக்குள்ள ஊர் முழுக்கத் தெரியும், அது அவவுக்கு விளங்குதோ? நான் போறது சைக்கிளில. கனபேரை மாதர் சங்கச் சேமிப்புக் கூட்டம் முடிஞ்ச பிறகு அங்கயே பின்னுக்கு இருந்துதான் சந்திக்கிறன். சங்கத்துக்குப் போனவ எண்டுதான் ஊர் நினைக்கும்.

நெஞ்சு இறுக்கத்துக்கு ஒரு தரம் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லுங்கோ, பார்க்காட்டில். "செத்தாலும்" எண்டு சொன்னதைச் சும்மா வார்த்தை எண்டு விட்டிடாதேங்கோ. சாக நினைக்கிறீங்களோ எண்டு நேரடியாவே கேளுங்கோ. கேட்கிறதால அந்த எண்ணம் வராது. ஓம் எண்டால் தனிய விடாமல் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம், தமிழில கதைக்கலாம்.

---

நந்தியாவட்டை (வவுனியா):

நான் திருநங்கை. தமிழ், வன்னி, ஏழைக் குடும்பம். அம்மா முள்ளிவாய்க்காலில போனவ. அதால இந்தக் கேள்வியை ஒரே மூச்சில வாசிச்சன்.

2016இல சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்தால் அடையாள அட்டையை மாத்தலாம். அந்தச் சான்றிதழுக்கு மனநல வைத்தியரின்ர கையொப்பம் வேணும். நல்ல விசயம்தான். ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. என்ர மனக் கவலையைச் சொல்ல வேண்டிய அதே ஆளின்ர கையிலதான் என்ர கடிதமும் கிடக்கு. செல் விழுந்த சத்தம் இன்னும் கேட்குது எண்டு சொன்னால், இவளுக்கு மனம் சரியில்லை எண்டு கையெழுத்தை இழுத்தடிச்சிருவாரோ எண்ட பயத்தில ஒரு வருசத்துக்கு மேல அம்மாவைப் பற்றி வாயே திறக்கேல்லை. "சந்தோசமா இருக்கிறன் டொக்டர்" எண்டு சொல்லிச் சொல்லி வந்தன். இந்த நாட்டில 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்ர 365ஆம் பிரிவு, "இயற்கைக்கு மாறான உறவு" எண்டு சொல்லித் தண்டிக்கிறது, இன்னும் இருக்கு. எங்களைப் போல ஆக்கள் ஒரு அலுவலகத்துக்குள்ள நுழையேக்க முதல் தேடுறது வெளியில போற வழியைத்தான்.

அக்கா போன இடத்திலயும் அப்பிடியோ எண்டு பாருங்கோ. உதவித்திட்டப் பட்டியலில பேர் போடுற, காணிக்குச் சிபாரிசு செய்யிற ஆள் அந்தக் கட்டடத்துக்குள்ளயே இருந்தால் அவ எப்பிடி உண்மை சொல்லுவா? நான் இப்ப வவுனியாவில இல்லாமல் யாழ்ப்பாணத்தில ஒருத்தரிட்டப் போறன். அவ எனக்கு எந்தக் கடிதமும் தர வேண்டியதில்லை. பஸ் காசு கூடத்தான். ஆனால் முதல் தரமே அம்மாவைப் பற்றிக் கதைச்சன்.

---

மேப்பிள் வீதி (ஸ்கார்பரோ):

நான் கனடாவில் உளவியல் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். பிறந்தது மல்லாவி. பாலைமரம் அக்கா எழுதிய பிறகு நான் சேர்க்கக்கூடியது கொஞ்சம்தான்.

இங்கே நாங்கள் படித்த பாடத்திலும் இதே சிக்கல் பேசப்படுகிறது. 1989இல் கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்ட அறிஞர், கறுப்பினப் பெண் தொழிலாளர்களின் வழக்குகளை ஆராய்ந்து எழுதினார். நிறத்தால் வந்த பாகுபாடா, பெண் என்பதால் வந்ததா என்று நீதிமன்றம் தனித்தனியாகக் கேட்டது; இரண்டும் சேர்ந்து விழுந்த அடிக்கு அங்கே இடமே இருக்கவில்லை. உங்கள் அக்கா "ஒண்டைச் சொன்னால் மற்றதை வைச்சு அடிக்கினம்" என்றாரே, அதைத்தான் கிரென்ஷாவும் சொன்னார். 1998இல் டெர்வலோன், மரே கார்சியா என்ற இரு மருத்துவர்கள், பிறர் பண்பாட்டை "கற்று முடித்துவிட்டேன்" என்று எந்தச் சிகிச்சையாளரும் சொல்ல முடியாது, தன் அதிகாரத்தைத் தானே இடைவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

உங்களுக்கு நடைமுறையில் உதவக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு ஏட்டில், ஒருவரின் பின்னணியை அறிந்துகொள்ள 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் இருக்கிறது. உங்கள் கஷ்டத்தை உங்கள் குடும்பத்தாருக்கு எப்படிச் சொல்லுவீர்கள், அது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், உங்கள் பின்னணியில் உள்ள எது இதைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று கேட்கும். கடைசியாக, நீங்களும் நானும் வேறு வேறு இடத்திலிருந்து வருவதால் உங்களை நான் சரியாகப் புரிந்துகொள்ள மாட்டேனோ என்ற கவலை உண்டா என்று சிகிச்சையாளரே கேட்க வேண்டும். எங்கள் ஊரில் இந்தக் கடைசிக் கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் அக்கா இரண்டாம் முறை தலையாட்டிவிட்டு வந்திருக்க மாட்டார்.

வெளிநாட்டுத் தமிழ் உளவளத்துணையாளரோடு தொலைபேசியில் பேசலாம் என்று சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். சிலருக்கு அது நன்றாகவே அமைகிறது. ஆனால் இங்கே உங்கள் அக்காவை வீராங்கனையாக மட்டும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அவரால் "பயந்தேன்" என்றோ "ஏன் போனேன் என்று தெரியவில்லை" என்றோ சொல்ல முடியாது. அங்கே குற்றவாளிபோல் நடத்துவதும் இங்கே சிலையாக்குவதும் ஆளைப் பேசவிடாமல் செய்வதில் ஒன்றுதான்.

---

முன்பள்ளி ரீச்சர் (கிளிநொச்சி):

எல்லாருக்கும் நன்றி. அக்கா தைச்சுக்கொண்டு இருக்கேக்க எல்லாத்தையும் சத்தமா வாசிச்சுக் காட்டினன். தேத்தண்ணிக் கதை வர மிசினை நிப்பாட்டிப்போட்டா. "அந்த மனுசி ஆரெண்டாலும் எங்கட வீட்டுக்கு வந்த ஆள் மாதிரிக் கதைக்கிறா" எண்டா. நந்தியாவட்டை எழுதினதை ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னா. அந்தப் பிள்ளைக்குத் தன்ர அன்பைச் சொல்லச் சொன்னா.

பாலைமரம் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி நேரடியாக் கேட்டன். சாக நினைக்கேல்லை, களைச்சுப் போனன் எண்டுதான் சொன்னது எண்டுறா. 1926ஐ என்ர போனிலும் அவவின்ர போனிலும் பதிஞ்சு வைச்சிருக்கிறன்.

எதில இருந்து தொடங்க விருப்பம் எண்டு கேட்டன். கால் எண்டோ அத்தான் எண்டோ சொல்லுவா எண்டு நினைச்சன். அவ சொன்னது மகளைப் பற்றி. பிள்ளை வரலாறு படிக்கிறாள். போன மாசம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க, "அம்மா, எங்களை மனுசரா மதிக்காத ஆக்களுக்காகவும் சேர்த்துத்தானே நீங்கள் போனீங்கள்? ஏன் போனீங்கள்?" எண்டு கேட்டிட்டாளாம். அக்கா பதில் சொல்லாமல் எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினவவாம். நெஞ்சு இறுகிறது கூடினது அதுக்குப் பிறகுதான் எண்டு இப்ப சொல்லுறா. அந்த உத்தியோகத்தரும் அதே கேள்வியைத்தானே கேட்டவர். அவருக்கு மறுமொழி சொல்லாட்டில் பறவாயில்லையாம். மகளுக்குச் சொல்ல வேணுமாம்.

இதை உளவளத்துணையில கதைக்கலாமோ? இது வருத்தம் எண்டு எடுப்பினமோ?

---

பாலைமரம் (முல்லைத்தீவு):

கட்டாயம் கதைக்கலாம். அவவே தெரிஞ்சு எடுத்துத் தந்திருக்கிறா, இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இதுக்குள்ள மலையகமும் இருக்கு, இயக்கமும் இருக்கு, தாயும் இருக்கு. ஒண்டையும் விட்டிட்டுக் கதைக்க ஏலாது, நாங்கள் வலிஞ்சு இழுக்கவும் தேவையில்லை.

மகளுக்கு உடனே முழுப் பதில் சொல்ல வேணும் எண்டு இல்லை எண்டு அக்காவிட்டச் சொல்லுங்கோ. "நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்கும் அதுக்கு இன்னும் மறுமொழி வரேல்லை. நான் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன், கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போகேல்லை." இந்தளவு போதும் இப்போதைக்கு. இதையும் சொல்லாட்டில் பிள்ளை தான் கேட்டது பிழை எண்டு நினைச்சுக்கொண்டு படிப்பாள், அது அவளுக்குப் பாரம். என்ன சொல்லுறது, எதைச் சொல்லாமல் விடுறது, பிள்ளை வெளியில கதைச்சால் என்ன நடக்கும் எண்டதெல்லாம் அக்கா ஒரு ஆளோட இருந்து ஆறுதலா யோசிக்க வேண்டியது.

கிளிநொச்சியில எனக்குத் தெரிஞ்ச ஒரு பெண் உளவளத்துணையாளர் இருக்கிறா. உதவித்திட்டத்தோடயோ காணியோடயோ அவவுக்குத் தொடர்பில்லை. தாய் வழியில மலையகம், அதை மறைக்கிற ஆளும் இல்லை. உங்கட விபரம் ஒண்டும் சொல்லாமல், பொதுவாக் கேட்டுப் பார்த்தன். வீட்டுக்கு வரவும் தயார், சங்கக் கட்டடத்திலயோ உங்கட முன்பள்ளி விட்ட பிறகு அங்கயோ சந்திக்கவும் தயார். ஒரே மாதிரிப் பின்னணி எண்டபடியால் தனக்கு எல்லாம் விளங்கும் எண்டு நினைக்க மாட்டன் எண்டும் சொன்னா. அக்காவுக்குச் சம்மதம் எண்டால் எனக்குத் தனி மடலில எழுதுங்கோ. ஒருக்காச் சந்திச்சிட்டுப் பிடிக்கேல்லை எண்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, வேற ஆளைப் பார்ப்பம்.

கிளினிக் கொப்பியை லாச்சியில இருந்து எடுங்கோ. கால் நோவுக்கு அது வேணும். கிளினிக்குக்குப் போகேக்க நீங்களும் கூடப் போங்கோ, "இல்லாத காலில இரவில நோகுது" எண்டதை முதல் வசனமாச் சொல்லுங்கோ. மற்றதொண்டும் அங்க சொல்லத் தேவையில்லை.